மதினி செய்த புல் சென்ட்

ஒரு ஞாயிற்றுக்கிழமை பம்பாய் செம்பூரில் அண்ணன் வீட்டுக் குளியலறைக் கதவைத் தள்ளினேன். உள்ளே என் மதினி நின்றுகொண்டிருந்தாள். நான் கழற்றி வாளியில் போட்டிருந்த குர்த்தாவை எடுத்து, அதன் அக்குள் பக்கத்தை மூக்கோடு அழுத்திக் கண்ணை மூடிக்கொண்டிருந்தாள். அன்று மெகா பிளாக், தண்டவாள வேலைக்காகப் பாதி ரயிலை நிறுத்திவிடுவார்கள். முலுண்டில் ஏறி, வந்த ஒரே வண்டியில் குர்லா வரை நசுங்கி, அங்கே ஹார்பர் லைன் மாறி மறுபடியும் நசுங்கி வந்து கழற்றிய குர்த்தா அது. அதைத் தொட எனக்கே பிடிக்காது.

“சீ, மதினி! என்ன பண்ணுதீங்க? கீழ போடுங்க அத!”

“ஷ்ஷ், ஒரு நிமிஷம் இரு” என்றாள். கண்ணைத் திறக்கவில்லை. “சீரகம் வர்றது. அப்புறம் லேசா இரும்பு. டிரெயின் கம்பியப் பிடிச்சுண்டு வந்தியோல்லியோ, அது. அடியில என்னமோ பால் மாதிரி ஒண்ணு. சூப்பர்டீ.”

பிடுங்கி வாளியில் போட்டு, அதன் மேல் சோப்புத்தூளைக் கொட்டினேன். அவளுக்குக் கொஞ்சம்கூட வெட்கமில்லை. சோப்புத்தூளைப் பார்த்துத்தான் முகம் சுளித்தாள்.

அவள் பெயரை இங்கே எழுதப் போவதில்லை. அது சென்ட் புட்டிகளில் அச்சாகி இருக்கிறது. தேடிப் பிடித்து வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள். அப்பா போன பிறகு அவளும் அண்ணனும் கோவாவுக்குக் குடிபோய்விட்டார்கள். நான் அவளைப் பார்த்து நாலைந்து வருடம் ஆகிறது. தீபாவளிக்கும் புது வருடத்துக்கும் அண்ணன் போன் செய்வான். பின்னால் அவள் குரல் கேட்கும். நான் உடனே ஏதாவது சொல்லி போனை வைத்துவிடுவேன்.

மனிதர்களுக்கு அருவருப்பு என்று ஒன்று எதற்காக இருக்கிறது என்று நான் யோசித்ததே அவளைப் பார்த்த பிறகுதான். என்னிடம் அது ஒரு பங்கு கூடுதலாகவே உண்டு. டாக்சி சீட்டில் யாருடைய தலை எண்ணெயாவது பட்டிருந்தால் வழி முழுக்க முன்னால் சாய்ந்தே உட்கார்ந்து வருவேன். அவளிடம் அது பெயருக்குக்கூடக் கிடையாது. பிறக்கும்போதே விட்டுப்போயிருக்க வேண்டும்.

கல்யாணத்துக்கு முன்னால் எங்கள் பயம் இதற்கு நேர் எதிராக இருந்தது. அவள் மாட்டுங்காவில் பிறந்து வளர்ந்தவள். வெங்காயத்தைக்கூட யோசித்து வாங்கும் சைவக் குடும்பம். நாங்கள் தாராவி. அப்பா தோல்பை தைக்கும் பட்டறையில் வேலை பார்த்தவர். வீட்டில் வாரத்துக்கு நாலு நாள் மீன். அண்ணனும் அவளும் வாசனைப் பொருள் தயாரிக்கும் ஒரு கம்பெனியில் ஒன்றாக வேலை பார்த்துக் காதலித்தார்கள். அவள் அங்கே லேபில் இருந்தாள், அண்ணன் சேல்ஸில் இருந்தான். முதல் தடவை அவள் வீட்டுக்கு வருகிறாள் என்றதும் அம்மா கருவாட்டு டப்பாவைத் துணியில் சுற்றி, பிளாஸ்டிக் பையில் கட்டி, கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டாள்.

மதினி வந்தாள், உட்கார்ந்தாள், தண்ணீர் குடித்தாள். பிறகு, “இங்க என்னமோ இருக்கே” என்று எழுந்து கட்டிலுக்கு அடியில் குனிந்துவிட்டாள். பட்டுப் புடவையோடு. அம்மாவுக்கு உயிரே போய்விட்டது. மதினி டப்பாவைத் திறந்து, ஒரு நெத்திலியை எடுத்து மூக்குக்குக் கீழே பிடித்துக்கொண்டு, “இதை நான் கொஞ்சம் எடுத்துண்டு போலாமா?” என்று கேட்டாள். திங்கவா என்று அம்மா கேட்டதற்கு, “இல்ல, மோந்து பாக்க” என்றாள்.

அப்பாவுக்கு அந்த நிமிடமே அவளைப் பிடித்துப்போயிற்று. அன்றைக்கே அவளைக் கூட்டிக்கொண்டு, பச்சைத் தோலுக்கு உப்புப் போட்டு அடுக்கி வைக்கும் கோடவுனைக் காட்டப் போனார். அந்தச் சந்துக்குள் நான் பிறந்ததிலிருந்து மூச்சை அடக்கிக்கொண்டுதான் போவேன். அவள் ஒரு மணி நேரம் உள்ளே இருந்தாள். வெளியே வந்தபோது கையில் ஈரத்தோல் துண்டு ஒன்று இருந்தது. அப்பா கோவிலுக்குப் போய் வந்தவர் போல முகம் மலர்ந்து பின்னால் வந்தார்.

“ஏட்டி, நாப்பது வருசமா நான் தைக்கிற தோலுல இத்தன வாசன இருக்குன்னு எனக்கே தெரியாதுட்டி. இவ பிரிச்சுப் பிரிச்சுச் சொல்லுதா” என்றார்.

கல்யாணத்துக்குப் பிறகு அண்ணன் செம்பூரில் பிளாட் வாங்கினான். அம்மா தவறியதும் அப்பா அவர்களோடு போய்விட்டார். அந்த வீட்டு பிரிட்ஜைத் திறக்கவே எனக்குப் பயம். இட்லி மாவுக்குப் பக்கத்தில் ஒரு ஜாடி, அதில் சாராயத்தில் ஊறும் ஆட்டு மயிர். தயிருக்குப் பக்கத்தில் மாஹிம் ஓடைச் சேறு. கதவுத் தட்டில், முட்டை வைக்கிற இடத்தில், யாருடையதோ பழைய வாட்ச் பட்டைகள். யாருடையவை என்று கேட்டேன். “ஓஎல்எக்ஸ்ல வாங்கினேன்” என்றாள், என்னமோ கொத்தமல்லி வாங்கியதைப் போல. காற்று திரும்பி ரிஃபைனரி வாடை வந்தால் கட்டடமே ஜன்னலைச் சாத்தும். அவள் மட்டும் திறந்து வைப்பாள். தேவ்னார் குப்பைமேடு புகையும் நாட்களில் மொட்டைமாடிக்குப் போய் நிற்பாள்.

தலையைக் கொண்டை போட்டு, அதில் நீளநீளமான காகிதக் கீற்றுகளைச் செருகி வைத்திருப்பாள். ஒவ்வொன்றிலும் ஒரு வாசனை தொட்டது. நடுநடுவே மூக்கு மரத்துப்போகாமல் இருக்கத் தன் முழங்கை மடிப்பையே மோந்துகொள்வாள். பேசிக்கொண்டிருக்கும்போதே கையை மடக்கி முகத்தைப் புதைத்துவிடுவாள், நாய் படுக்கப் போவது மாதிரி. பார்க்கிறவர்களுக்கு அசிங்கமாக இருக்கிறதே என்ற நினைப்பு அவளுக்கு வந்ததே இல்லை. யாராவது முகம் சுளித்தால் அவள் சொல்வது ஒன்றுதான்: “மூஞ்சியச் சுளிக்கறதுக்கு முன்னாடி ஒரு தடவ ஒழுங்கா மோந்து பாரேன்.”

கம்பெனி வேலையை விட்டுவிட்டு, சொந்தமாகச் சென்ட் செய்யப் போகிறேன் என்று உட்கார்ந்தாள். கடையில் அடுக்கி விற்கிற சென்ட் இல்லையாம். நிஷ் பெர்ஃப்யூமாம். அப்படியென்றால் என்ன என்று கேட்டேன். எல்லாருக்கும் பிடிக்கணும்னு செய்யாதது, பிடிச்சவாளுக்கு ரொம்பப் பிடிக்கறது என்றாள். எல்லோருக்கும் பிடிக்காத சாமானுக்கு ஏன் அத்தனை விலை என்பது எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

முதல் சென்டுக்கு அவள் எடுத்துக்கொண்டது புல். பம்பாயில் காய்கறி விற்கிற பாஜிவாலா புதினாவோடும் இஞ்சியோடும் சேர்த்துக் கட்டிக் கொடுப்பானே, டீயில் கிள்ளிப் போட, கவ்தி சாய், அந்த எலுமிச்சைப் புல். அப்பா அதைப் பால்கனியில் ஒரு பெயின்ட் டப்பாவில் வளர்த்தார். தினமும் காலையில் கத்தரிக்கோலால் நாலு இலை வெட்டி டீயில் போடுவதுதான் அந்த வீட்டில் அவருக்கு இருந்த ஒரே வேலை. அவர் வெட்டும்போது எழும் பச்சை வாடை அவளைப் பிடித்துக்கொண்டது. அதை அப்படியே புட்டியில் அடைக்க வேண்டும் என்றாள்.

முடியவில்லை. வருடக்கணக்கில் முடியவில்லை. எப்படிக் கலக்கினாலும் மோந்து பார்த்தவர்கள் ஒன்றையேதான் சொன்னார்கள். “தரை துடைக்கிற தண்ணி மாதிரி இருக்கு.” நானும் அதைத்தான் சொன்னேன், கொஞ்சம் சந்தோஷமாகவே சொன்னேன். அண்ணன் தயங்கித் தயங்கிக் கொசு மருந்து என்றான். அவள் சண்டை போடமாட்டாள். கீற்றை வாங்கிக் கொண்டையில் செருகிக்கொண்டு, “அடியில ஒண்ணு வேணும். புல்லு தனியா நிக்கறது. அதுக்குக் கீழ உடம்பு இல்ல” என்று முனகிக்கொண்டே உள்ளே போவாள். கையிருப்பெல்லாம் அதில் போயிற்று. ராத்திரி அழுகிறாள் என்று அண்ணன் சொன்னான்.

அப்பாவுக்குச் சர்க்கரை. கால் மரத்துப் பல வருடம் ஆகியிருந்தது. பட்டறைக்காரர் ஆயிற்றே, அறுந்த செருப்பைக் கடையில் கொடுக்காமல் தானே தைத்து ஆணி அடித்துக்கொண்டார். ஆணி உள்ளே ஏறியதும் தெரியவில்லை, அதோடு ஒரு நாள் முழுக்க நடந்ததும் தெரியவில்லை. சாயங்காலம் தரையில் ரத்தச் சுவடு பார்த்துத்தான் அண்ணன் கத்தினான். புண் ஆறுவேனா என்றது. தினமும் கழுவி மருந்து வைத்துக் கட்ட வேண்டும், பதினைந்து நாளுக்கு ஒருமுறை டாக்டரிடம் காட்ட வேண்டும் என்றார்கள். அண்ணனுக்குப் புண்ணைப் பார்த்தாலே தலை சுற்றும். நான் ஞாயிற்றுக்கிழமைக்காரி. வந்தாலும் துப்பட்டாவை மூக்கில் வைத்துக்கொண்டு வாசற்படியோடு நின்றுவிடுவேன்.

மதினிதான் செய்தாள். ஆஸ்பத்திரி நர்சிடம் கற்றுக்கொண்டு, தரையில் சப்பணம் போட்டு உட்கார்ந்து, அப்பாவின் காலைத் தன் மடியில் தூக்கி வைத்துக்கொண்டு செய்தாள். கையுறை போட்டுக்கொள்வாள், மூக்கை மட்டும் மூடமாட்டாள். முகத்தைப் புண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுபோவாள். என்னால் பார்க்க முடியாது.

“இன்னைக்கு என்ன வாசன வருதும்மா?” என்று அப்பா கேட்பார்.

“மழை பட்ட சுண்ணாம்புச் சுவர் மாமா. கொஞ்சம் நாலணாக் காசு.”

“அடேங்கப்பா! நேத்து ஊறவச்ச அரிசின்ன.”

“அது போயிடுத்து. வலிக்கறதா?”

“எனக்கு எங்க வலிக்கப் போவுது. நீ பாரு, நீ பாரு.”

அப்பா வருகிறவர்களிடமெல்லாம் அதைச் சொல்லிச் சொல்லி மாய்ந்துபோவார். “நான் பெத்ததுக ரெண்டும் என் காலப் பாத்தா மூஞ்சியத் திருப்புதுக. வந்தவ மடியில வச்சுப் பாக்கா. அவளுக்கு அருவருப்புன்னா என்னன்னே தெரியாதுய்யா.” எனக்குச் சுருக்கென்று இருக்கும். உண்மைதானே.

மழை முடிந்த ஒரு ஞாயிறு. நான் சமையலறையில் டீ போட்டுக்கொண்டிருந்தேன். மதினி ஓடி வந்தாள். கண் பளபளத்தது. கையில் ஊறுகாய் ஜாடி மாதிரி ஒரு சின்ன ஜாடி. அதற்குள் அப்பாவின் காலிலிருந்து அவிழ்த்த பஞ்சுத்துணி.

“மோந்து பாரு. பிளீஸ், ஒரே ஒரு தடவ.”

நான் டீயை அடுப்பிலேயே விட்டுவிட்டு பால்கனிக்கு ஓடிவிட்டேன். அவள் பின்னாலேயே வந்தாள். “திராட்சைடீ! பச்சைத் திராட்சை, கூடைக்கு அடியில நசுங்கிக் கிடக்குமே, அது. கால்லேருந்து வர்றது, யோசிச்சுப் பாரு! இதத்தான் நான் தேடிண்டிருந்தேன். புல்லுக்குக் கீழ வைக்க வேண்டியது இதுதான்.”

“எடுத்துட்டுப் போங்க மதினி. எனக்கு வாந்தி வருது.”

“சரி, சரி” என்று ஜாடியை மார்போடு அணைத்துக்கொண்டு போய்விட்டாள். புண் எப்படி இருக்கிறது என்று நான் கேட்கவில்லை. நாற்றம் போய் நல்ல வாசனை வருகிறது என்றால் ஆறிக்கொண்டு வருகிறது என்றுதான் நினைத்தேன். அவளும் அப்படித்தான் நினைத்தாளோ, அதைப் பற்றி நினைக்கவே இல்லையோ, தெரியாது.

அடுத்து வந்த நாட்களில் அவள் அறையை விட்டு வெளியே வரவில்லை என்று அண்ணன் போனில் சொன்னான். கட்டு மாற்ற மட்டும் வருவாளாம். அப்பாவும் அவளும் சேர்ந்து சிரிக்கும் சத்தம் கேட்குமாம். வேலை கூடி வருகிறது போல என்று அவனும் சந்தோஷமாகத்தான் சொன்னான். பிறகு ஒரு சாயங்காலம் அப்பாவுக்குக் குளிர்காய்ச்சல் வந்து உடம்பு தூக்கித் தூக்கிப் போட்டது. நான் ஆபீசிலிருந்து நேராக ஆஸ்பத்திரிக்கு ஓடினேன்.

டாக்டர் கட்டைப் பிரித்தபோது நாங்கள் மூன்று பேரும் அங்கே இருந்தோம். பஞ்சுத்துணியில் நீலமும் பச்சையுமாகக் கறை. அறை முழுக்க இனிப்பாக ஒரு நாற்றம் பரவியது. பூ வாடிய தண்ணீரும் பழக்கூடையும் கலந்தது போல இருந்தது. அன்றைக்கு என்னால் ஓட முடியவில்லை. டாக்டர் குனிந்து ஒருமுறை மூச்சிழுத்துவிட்டு நிமிர்ந்தார்.

“யே மீட்டா ஸ்மெல் கப் ஸே ஆ ரஹா ஹை?” இந்த இனிப்பு வாசனை எப்போதிலிருந்து வருகிறது என்று கேட்டார்.

அண்ணன் முழித்தான். நானும் முழித்தேன். மதினி மட்டும் டீச்சர் கேட்ட கேள்விக்குப் பதில் தெரிந்த பிள்ளை மாதிரி முன்னால் வந்தாள். போன வாரத்துக்கு முந்தின வாரத்திலிருந்து வருகிறது, முதலில் லேசாக இருந்தது, பிறகு சாயங்காலங்களில் அதிகமாகும், காலையில் கட்டு மாற்றாமல் விட்டுப் பார்த்த அன்று இன்னும் நன்றாக எழும்பியது என்று ஹிந்தியில் ஒன்று விடாமல் சொன்னாள்.

“கட்டு மாற்றாமல் விட்டீர்களா? ஏன்?”

“எப்படி மாறறதுன்னு பாக்க” என்றாள் தமிழில், தன்னை மறந்து.

டாக்டருக்குத் தமிழ் தெரியாது. அவர் அண்ணனைப் பார்த்தார். அண்ணன் மொழிபெயர்க்கவில்லை. அந்த வாசனை கிருமியின் வாசனை, வந்த அன்றே கூட்டிவந்திருக்க வேண்டும், இப்போது எலும்பு வரை போய்விட்டது என்றார் அவர். முழங்காலுக்குக் கீழே எடுத்தாக வேண்டும், தள்ளிப்போட்டால் ஆளே மிஞ்சமாட்டார் என்றும் சொன்னார். கையெழுத்துப் போட அண்ணன் போனான்.

வராந்தாவில் நான் அவள் கையைப் பிடித்துச் சுவரோடு நிறுத்தினேன். “உங்களுக்குத் தெரிஞ்சிருக்குல்ல? மாறிப்போச்சுன்னு எல்லாருக்கும் முன்னாடி உங்களுக்குத்தான் தெரிஞ்சிருக்கு. ஏன் டாக்டர்கிட்ட சொல்லல? எங்ககிட்டயாவது ஏன் சொல்லல?”

அவள் அழுதுகொண்டிருந்தாள். நடிப்பு இல்லை, மூக்கு ஒழுகும் அழுகை. “உன்கிட்ட கொண்டுவந்து காமிச்சேனே” என்றாள். “நன்னா இருந்ததுடீ. கெட்டதா இருந்தா சொல்லியிருப்பேன். நன்னா இருக்கறதப் போயி யாராவது டாக்டர்கிட்ட சொல்லுவாளா?”

எனக்கு அவளை அறைய வேண்டும் போல இருந்தது. அறைந்திருந்தால் தேவலை. கையை விட்டுவிட்டேன். அவளைத் தொட்ட கையை ஆஸ்பத்திரிக் குழாயில் இரண்டு தடவை கழுவினேன்.

அப்பாவுக்கு விஷயம் தெரியாது. சர்க்கரை ஏறிவிட்டது, அதனால் கால் போயிற்று என்று டாக்டர் சொன்னதை நம்பினார். அண்ணன் என்னிடம் கெஞ்சினான். “அப்பாட்ட சொல்லிராத. அவ மேல உசிரா இருக்காரு. தெரிஞ்சா அந்த வீட்டுல எப்படி இருப்பாரு?” எனக்கு அது சம்மதமாகவே இல்லை. தன் காலைக் கெடுத்தவள் கையாலேயே அவர் மருந்து போட்டுக்கொள்வதும், தாயே தாயே என்று அவளைப் புகழ்வதும் என்னால் சகிக்க முடியவில்லை. சொல்லி, அவரை முலுண்டுக்குக் கூட்டிக்கொண்டு வந்துவிடுவது என்று முடிவு செய்துகொண்டேன். சின்ன வீடுதான். என் வீட்டுக்காரரும் சரி என்றார். உடம்பு கொஞ்சம் தேறட்டும் என்று காத்திருந்தேன்.

அதற்குள் சென்ட் முடிந்துவிட்டது. அவள் நிறுத்தியிருப்பாள் என்று நினைத்திருந்தேன். வெட்கம் இருக்கிறவர்கள் நிறுத்தியிருப்பார்கள். பாந்த்ராவில் ஒரு கடைக்காரன் கேட்டு வாங்கிக்கொண்டான், அச்சடித்த பெட்டிகள் வந்துவிட்டன, ஞாயிறு மத்தியானம் வீட்டில் சின்ன பூஜை, வந்துவிடு என்று அண்ணன் போன் செய்தான். போனேன். அன்றைக்கே அப்பாவிடம் சொல்லிவிடுவது என்றுதான் போனேன். அவர் துணிகளை வைக்க ஒரு காலிப் பையும் எடுத்துக்கொண்டு போனேன்.

எங்கள் வீட்டில் புதிதாக எது வந்தாலும் பெரியவர்கள் காலடியில் வைத்து எடுப்பது வழக்கம். என் டிகிரி சர்டிபிகேட்டை வைத்தோம். அண்ணனின் முதல் பைக் சாவியை வைத்தோம். அப்பா நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். வேட்டிக்குக் கீழே ஒரு கால்தான் தெரிந்தது. மதினி முதல் பெட்டியை இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு வந்து குனிந்தாள். குனிந்தவள் அப்படியே நின்றுவிட்டாள். எங்கே வைப்பது என்று தெரியவில்லை போலிருந்தது.

“இருக்கிற கால்ல வையிம்மா” என்றார் அப்பா. “அதுவும் என் காலுதான்.”

வைத்தாள். அப்பா அவள் தலையைத் தொட்டு ஆசீர்வாதம் செய்துவிட்டு, “பிரி, எனக்குத்தான் மொத அடி” என்றார். அவள் புட்டியை எடுத்து அவர் மணிக்கட்டில் ஒருமுறை அடித்தாள்.

நான் பக்கத்தில்தான் நின்றேன், எனக்கும் வந்தது. முதலில் புல். பெயின்ட் டப்பாவில் கத்தரிக்கோல் படும்போது வரும் அதே பச்சை, எலுமிச்சைத் தோலைக் கிள்ளினால் கண்ணில் தெறிக்குமே, அந்தக் காரத்தோடு. தரை துடைக்கிற தண்ணீர் இல்லை அது. கொஞ்ச நேரத்தில் பச்சை அடங்கியது. அடியிலிருந்து இனிப்பாக ஒன்று மெல்ல மேலே வந்தது. எனக்கு அது தெரியும். அண்ணனுக்கும் தெரிந்திருக்க வேண்டும், அவன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். புண்ணிலிருந்து எதையும் எடுத்து அவள் அதில் கலக்கவில்லை. அந்த வாசனையைச் செய்யவும் அவளிடம் ரசாயனப் புட்டிகள் உண்டு. ஆனால் மூக்குக்கு அந்த வித்தியாசமெல்லாம் தெரியாது. என் அப்பாவின் அழுகிய கால் அந்த ஹாலில் எங்கள் நடுவில் இருந்தது. அது நன்றாக இருந்தது. இன்னொரு தடவை மோந்து பார்க்கத் தோன்றுமளவுக்கு நன்றாக இருந்தது. அதைத்தான் என்னால் இன்றுவரை மன்னிக்க முடியவில்லை.

அப்பா மணிக்கட்டை மூக்கில் வைத்தார். எடுத்தார். மறுபடி வைத்தார். அவர் முகத்தில் ஏதோ குழப்பம் வந்தது. நான் பையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன். அவருக்கே தெரிந்துவிட்டது, நான் சொல்ல வேண்டிய வேலைகூட இல்லை என்று நினைத்தேன்.

“கட்டு ரொம்ப இறுக்குதும்மா” என்றார் அவர்.

யாருக்கும் புரியவில்லை. அவர் மணிக்கட்டை மூக்கிலிருந்து எடுக்காமலே குனிந்து, வேட்டிக்குக் கீழே, கால் இல்லாத இடத்தைப் பார்த்தார். “விரலுகிட்டதான். ஒரே நமச்சல். காலைலருந்து இறுக்குது, கொஞ்சம் தளத்தி விடேன்.”

அண்ணன், “அப்பா...” என்று ஆரம்பித்தான். மதினி கையைக் காட்டி அவனை நிறுத்தினாள். தரையில் சப்பணம் போட்டு உட்கார்ந்தாள். வெறும் தரைக்கு மேலே, அப்பாவின் கால் இருந்திருக்க வேண்டிய உயரத்தில், இரண்டு கைகளையும் கொண்டுபோய் மடிக்கு இழுத்துக்கொண்டாள். முடிச்சைத் தேடி அவிழ்த்தாள். ஒரு சுற்று, இன்னொரு சுற்று என்று நிதானமாகப் பிரித்தாள். பிறகு பெருவிரலும் அடுத்த விரலும் இருந்திருக்கும் இடத்துக்கு நடுவே ஆள்காட்டி விரலால் மெதுவாகச் சொறிந்துவிட்டாள்.

“இங்கயா மாமா?”

“இன்னும் கொஞ்சம் உள்ள. ஆங், அங்கதான்.” அப்பா கண்ணை மூடிக்கொண்டார். முகத்தில் இருந்த சுருக்கமெல்லாம் இறங்கியது. “அப்பாடி. இத்தன நாளா இருந்துச்சும்மா. யாருட்ட சொல்ல, கேட்டா சிரிப்பாங்களேன்னு சொல்லல.”

“என்கிட்ட சொல்லலாமே” என்றாள் அவள். விரல் நிற்கவில்லை.

 காற்றைச் சொறியும் அந்தக் கையைப் பார்க்கப் பார்க்க உடம்பெல்லாம் கூசியது. அந்தக் கையால்தானே ஜாடியில் துணியைப் போட்டு மூடினாள், அந்தக் கையால்தானே கட்டு மாற்றாமல் விட்டாள். வாயைத் திறந்தேன். அப்பாவின் முகத்தைப் பார்த்தேன். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிறகு அவர் அப்படி நிம்மதியாக உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. அந்தக் கால் எங்கே இருந்தது, விரல்களுக்கு நடுவே எந்த இடம் நமைக்கும் என்று என்னைக் கேட்டிருந்தால் எனக்குக் காட்டத் தெரிந்திருக்காது.

பூஜைச் சாப்பாட்டைத் தொடாமல், காலிப் பையோடு குர்லாவுக்கு வண்டி ஏறினேன். அப்பா அதற்குப் பிறகு ஒன்றரை வருடம் செம்பூரில்தான் இருந்தார், அவருக்கு எல்லாம் அவள் கையால்தான் நடந்தது. கடைசிவரை நான் அவரிடம் சொல்லவில்லை.